கட்டணக் கடற்கரையில் ஒரு பகற்பொழுது



சீயமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வருகிற ஆண்டில் அவருடைய திருமணத்தின் வெள்ளி விழா வருகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகன், பெற்றோருக்குப் பரிசாக ஒரு கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்திருக்கிறான். கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுத் தாய்லாந்தின் புக்கெட் தீவருகே ஒரு நாள் நின்று திரும்பும். அந்த ஒரு நாளில் ஊர் சுற்றி அலைய வேண்டாம், அமைதியான ஒரு தனியார் கடற்கரை விடுதியில் கட்டணம் செலுத்தி இடம் பிடித்துவிடுகிறேன், காலை முதல் மாலை வரை நீங்கள் இருவரும் நிழலில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறானாம்.

“கடலைப் பார்ப்பதற்குக் காசா? மரக்காணத்தில் எவன் காசு கேட்கிறான்?” என்று கணவர் சிரிக்கிறார். சகோதரிக்கோ சிரிப்பு வரவில்லை. அவர் கேட்கும் கேள்விகள் இரண்டு. “இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு நாள்கூடச் சும்மா உட்கார்ந்தறியாத நான், பணம் கொடுத்துச் சும்மா உட்காருவது வீண் ஆடம்பரம் ஆகாதா? உள்ளூர் ஏழைகள் நுழைய முடியாதபடி வேலியிட்ட இடத்தில் நாங்கள் போய் அமர்வது முறையாகுமா?”

இரண்டும் நல்ல கேள்விகள். ஆயினும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதவை. முதலாவது ஓய்வைப் பற்றியது. இரண்டாவது நீதியைப் பற்றியது. ஆதலால் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்வோம்.

கப்பல் நிற்கும் நாள்

உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்குத் துறைமுக நாள் என்பது பெரும் எதிர்பார்ப்புக்குரிய நாள். விடியற்காலையில் கப்பல் வந்து சேரும், மாலையில் புறப்பட்டுவிடும். இடையிலே கிடைப்பது ஏறத்தாழ எட்டு மணி நேரம். அதிலும் முழு நேரமும் நம் கைக்கு வருவதில்லை. ஆழமான துறை இல்லாத இடங்களில் பெருங்கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் வரிசையில் காத்திருந்து சிறு படகுகளில் கரை சேர வேண்டும். திரும்பும்போதும் அதே காத்திருப்புத்தான். கப்பல் புறப்படும் நேரத்திற்கு முன்பாகவே அனைவரும் ஏறிவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. தாமதித்தவருக்காகக் கப்பல் நிற்பதில்லை.

இது புதிய பழக்கமன்று. நம் புதுச்சேரியிலேயே, 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டப்படும்வரை, கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டே நின்றன. மனிதரையும் பொதிகளையும் அலைமீது ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தவை சலங்குகள். ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள் அவை; அலை மோதினால் வளைந்து கொடுக்கும். அவற்றைச் செலுத்திய கடலோர மக்களின் திறமை இல்லாதிருந்தால் ஆளுநரும் வணிகரும் மறைபரப்பாளரும் நனையாமல் கரையேறியிருக்க முடியாது.

எட்டு மணி நேரம் கிடைத்துவிட்டதென்று, பார்க்க வேண்டிய பத்து இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு பேருந்தில் ஏறுகிறவர்கள் உண்டு. மூன்று மணி நேரம் வெயிலில் நெரிசலான சாலையில் பயணம், ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம், புகைப்படம், மீண்டும் ஓட்டம். மாலையில் கப்பல் போய்விடுமோ என்ற பதைப்பு. இத்தனைக்கும் பிறகு அவர்கள் கண்டது என்ன என்று கேட்டால், பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்தவரின் தலையைத்தான் கண்டோம் என்று சொல்லக்கூடும். ஐம்பதை நெருங்கும் தம்பதியருக்கு இந்த அலைச்சலைத் தவிர்த்து ஒரே இடத்தில் அமரச் செய்ய நினைக்கும் மகனின் யோசனையில் விவேகம் இருக்கிறது.

சும்மா இருக்கும் உரிமை

சகோதரியே, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறோம். விடியுமுன் எழுந்து, மாட்டைக் கவனித்து, வாசல் தெளித்து, உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மணிலாக் கொல்லையில் களை எடுத்து, பொழுது சாய்ந்தபின் மீண்டும் அடுப்படிக்கு வருகிற பெண்ணுக்கு ஓய்வு என்ற சொல்லே அந்நியமாகிவிடுகிறது. திருவிழா நாளிலும் அவளுக்கு ஓய்வில்லை. அன்றுதான் விருந்தினர் அதிகம். ஞாயிறன்றும் ஓய்வில்லை, அன்றுதான் குழம்பு இரண்டு வகை. ஓய்வு கேட்டால் சோம்பேறி என்பார்களோ என்ற அச்சம் அவளுக்குள் குடியேறிவிடுகிறது. நாளடைவில் பிறர் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. அவளே தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்கிறாள்.

மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வருவோரும் போவோருமாய் இருந்ததால் சீடர்களுக்கு உண்ணவும் நேரம் கிடைக்கவில்லை. அதைக் கண்ட ஆண்டவர், தனிமையான ஓரிடத்திற்குப் போய்ச் சற்று இளைப்பாறும்படி அவர்களை அழைக்கிறார். அவர்களும் படகேறிப் புறப்படுகிறார்கள். படகில் ஏறி, அமைதியான ஒரு கரையைத் தேடி, இளைப்பாறப் போவது! உங்கள் மகன் சொல்வதும் ஏறக்குறைய இதுதானே? களைத்தவரின் ஓய்வு ஆடம்பரமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் நீங்களும் உங்கள் கணவரும் எதிரெதிரே அமர்ந்து, வட்டியும் விதையும் மகளின் படிப்பும் மாமியாரின் மருந்துச் செலவும் அல்லாத வேறொன்றைப் பற்றி எப்போது பேசினீர்கள்? நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் நாள் முழுவதும் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் பொறுப்புகளின் கணக்கு. செய்வதற்கு வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில், கண்ணெதிரே கடல் மட்டும் இருக்கும் ஓரிடத்தில், முதல் ஒரு மணி நேரம் உங்களுக்குப் பேச்சே வராமல் போகலாம். அஞ்ச வேண்டாம். மௌனம் கலைந்தபின் வரும் சொற்கள், நீங்கள் மணமான புதிதில் பேசியவற்றுக்கு உறவாக இருக்கும்.

ஆகவே முதல் கேள்விக்கு நம் விடை: தயங்காமல் போங்கள்.

கரைக்கு வேலி போட்ட கதை

இரண்டாவது கேள்வி இவ்வளவு எளிதன்று. கடலும் கரையும் யாருடையவை? ரோமப் பேரரசன் ஜஸ்டினியன் 533-ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்ட நூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கைச் சட்டப்படி எல்லாருக்கும் பொது என்று வகுத்தது. பல நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படையாக அமைந்த கொள்கை அது. ஆனால் சுற்றுலா வளர வளர, பொதுவாய் இருந்த கரைக்கு விலை ஏறியது.

உல்லாசக் கப்பல் நிறுவனம் ஒன்று பஹாமாஸ் நாட்டில் ஒரு சிறு தீவையே வாங்கித் தன் பயணிகளுக்கென ஒதுக்கியது 1977-இல். ராயல் கரீபியன் என்ற மற்றொரு நிறுவனம் 1980-களில் ஹெய்ட்டி நாட்டின் வடகரையில் லபாடி என்னும் நிலப்பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. வேலிக்கு உள்ளே நீலக் கடலும் நிழற்குடைகளும்; வேலிக்கு வெளியே உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்று. 2010 ஜனவரி 12-இல் அந்நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கி இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். சில நாள்களுக்குள் உல்லாசக் கப்பல் வழக்கம்போல் லபாடிக்கு வந்தது. தலைநகரில் பிணங்கள் மீட்கப்படாமல் கிடக்க, இங்கே கடற்குளியலா என்று உலகமே கேட்டது. கப்பலில் நிவாரணப் பொருள்கள் வந்தன என்பதும், கப்பல் வராவிட்டால் அங்கு வேலை செய்யும் உள்ளூர் மக்களின் பிழைப்பும் போகும் என்பதும் நிறுவனத்தின் விடை. கப்பலில் வந்தவர்களிலேயே சிலர் கரையிறங்க மனமின்றி இருந்துவிட்டார்கள். எது சரி என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாத நிகழ்ச்சி இது. ஆனால் வேலி என்பது என்ன செய்கிறது என்பதை அது காட்டிவிட்டது. வேலி மனிதரைத் தடுப்பதோடு நிற்பதில்லை. மறுபக்கத்தில் நடப்பதைப் பார்க்க முடியாமலும் செய்துவிடுகிறது.

ஜமைக்கா நாட்டில் 1956-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் பொதுமக்களுக்குக் கடற்கரையில் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. தாம் பிறந்த தீவில், தம் பாட்டனார் வலை இழுத்த கரையில், நுழைவுச் சீட்டு கேட்கப்படும் நிலைக்கு எதிராக அங்கே இன்று இயக்கங்கள் நடக்கின்றன.

உங்கள் கப்பல் நிற்கப்போகும் புக்கெட் தீவில் நிலைமை வேறு. தாய்லாந்தில் கடற்கரை பொதுச் சொத்து. ஆயினும் ஆண்டுக்கணக்கில் மணல்மீதே நாற்காலிகளும் குடைகளும் கிளப்புகளும் பெருகின. 2014-இல் ஆட்சிக்கு வந்த ராணுவ அரசு அவற்றை அகற்றத் தொடங்கியது. சுரின் கடற்கரையில் பொது நிலத்தில் எழும்பியிருந்த கிளப்புகள் 2016-இல் இடிக்கப்பட்டன. 2024-இல் மற்றோர் இடத்தில் ஒரு மாளிகையின் படிக்கட்டுகள் பொதுக் கரையில் நீண்டிருப்பது தெரியவந்தபோது, உள்ளூர் மக்கள் திரண்டு வந்து மணலில் அமர்ந்து தம் உரிமையைக் காட்டினார்கள், படிக்கட்டுகள் அகற்றப்பட்டன. எனவே அங்கே ஒரு விடுதி தன் சொந்த நிலத்தில் நாற்காலிக்கும் நிழலுக்கும் நன்னீர்க் குளியலுக்கும் உணவுக்கும் கட்டணம் வாங்குவது வேறு. கரைக்கே கதவு போடுவது வேறு. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்துங்கள்.

நம் கரையில் நடப்பவை

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். பாறையும் ஏரியும் புஞ்சையுமாய் உள்ள நம் ஊர்களில் வாழ்கிறவர்களுக்குக் கடல் என்பது ஆண்டுக்கொரு முறை காணும் அதிசயம். வேளாங்கண்ணித் திருப்பயணத்தில் ஒன்று, புதுச்சேரி மருத்துவமனைக்குப் போகும்போது மற்றொன்று. ஆனால் அந்தக் கரையையே வயலாகக் கொண்டு வாழ்கிறவர்கள் நம் சகோதரர்கள். நமக்கு ஏர்க்களம் எதுவோ அதுவே அவர்களுக்கு மணல். அதன்மேல்தான் படகை ஏற்றுகிறார்கள், வலையை உலர்த்துகிறார்கள், பழுது பார்க்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள், மீனைத் தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள், விற்காததைக் கருவாடாக்குகிறார்கள். சுற்றுலா வருகிறவர் கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரிவது, ஓர் ஊரின் களமும் பட்டறையும் சந்தையும் ஆகும்.

2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புதுச்சேரியில் பயணிகளை இறக்க வந்தது. கப்பலில் சூதாட்டம் உண்டு, இது பண்பாட்டைக் கெடுக்கும் என்று பல கட்சியினரும் எதிர்த்தனர், அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் கரை காணாமலே திரும்பிற்று. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூலை மாதம், அதே கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு புதுச்சேரிக்கு வந்தது. நங்கூரமிட்ட கப்பலிலிருந்து பயணிகள் சிறு படகுகளில் கரை சேர்ந்து ஊரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினர். அந்தக் கப்பல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டு 1990-இல் சேவைக்கு வந்தது என்பது புதுச்சேரி வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

எதிர்ப்பும் வரவேற்பும் சூதாட்டத்தைப் பற்றியும் வருவாயைப் பற்றியுமே பேசின. கரையைப் பற்றிப் பேசியவர் குறைவு. ஆனால் புதுச்சேரியின் கரைக்கு நேர்ந்தது பெரிய கதை. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நாள்கள் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது ஓரளவு திருப்பித் தருகின்றன. கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரின் தெற்கே குவிந்தது. வடக்கே போக வேண்டியது போகவில்லை. பசித்த கடல் வடகரையை அரித்தது. நகரத்தின் முன்னிருந்த மணற்பரப்பு மறைந்து, கருங்கற்களைக் கொட்ட வேண்டிய நிலை வந்தது. கற்கள் நகரைக் காத்தன. அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பிள்ளைச்சாவடி என்று குப்பம் குப்பமாக மணலும் தென்னையும் வீடுகளும் கடலில் போயின. அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் செயற்கைப் பாறை அமைத்தும் மணலைக் கொண்டுவந்து கொட்டியும் நகரத்தின் முன் ஒரு பகுதிக் கரை மீட்கப்பட்டிருக்கிறது. குப்பங்கள் இழந்தவை அவ்வாறு திரும்பவில்லை.

கரை குறுகும்போது ஒவ்வொரு முழமும் அருமையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் எஞ்சிய மணலில் ஒரு பகுதிக்கு விடுதியின் வேலி வந்தால், படகை எங்கே ஏற்றுவது? 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்தபின், கடலிலிருந்து 200 மீட்டருக்கு உட்பட்டவர்கள் தொலைவில் புது வீடு பெற வேண்டுமானால் பழைய இடத்தை அரசுக்கு விட்டுவிட வேண்டும் என்று 2005-இல் தமிழக அரசாணை கூறியது. உயிருக்குப் பாதுகாப்பு என்பது உண்மையே. ஆனால், நாங்கள் விட்டுப்போகும் இடத்திற்கு நாளை யார் வருவார்கள் என்று மீனவ மக்கள் கேட்ட கேள்வியும் உண்மையே.

இலங்கையின் வட கரையிலும் இதே கேள்வி. 2023 ஜூன் மாதம் முன்சொன்ன அதே கப்பல் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போயிற்று. அப்பகுதியில் கடலை ஒட்டி ராணுவம் நடத்தும் அமைதியான விடுதி ஒன்று உண்டு. அதைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கின் தமிழ்க் குடும்பங்களோ 1990-இல் போரினால் வெளியேறி, ஆண்டுக்கணக்கில் முகாம்களில் காத்திருந்தவர்கள். மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பின், 2017-இல்தான் மக்களிடம் திரும்பி வந்தது. ஒருவருக்கு அமைதி தரும் கரை, மற்றொருவருக்குத் தொலைந்த வீட்டின் முற்றமாக இருக்கலாம்.

சட்டம் நமக்குத் தரும் வழி

நம் நாட்டில் கடற்கரையை விற்க முடியாது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. 2011-லும் 2019-லும் அது புதுப்பிக்கப்பட்டது. 1991, 2011 அறிவிக்கைகளில் பலரும் அறியாத ஒரு விதி உண்டு. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு இடையே மக்கள் கடலுக்குப் போய்வரக் குறைந்தது 20 மீட்டர் அகலமுள்ள இடைவெளி விடப்பட வேண்டும்; விடுதிகள் போடும் வேலி மக்கள் கரைக்குச் செல்வதைத் தடுக்கக்கூடாது.

கோவாவில் நட்சத்திர விடுதி ஒன்று வைங்கினிம் கடற்கரைக்குப் போகும் பொது வழியை மறித்துக் கட்டியதாக வழக்கு எழுந்தது. உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் நீண்ட காலம் போராடினார்கள். 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கடற்கரை போன்ற இயற்கைச் செல்வங்களை அரசு மக்களின் சார்பில் அறங்காவலராகவே வைத்திருக்கிறது, அவற்றை ஒருவருக்கு மட்டும் உரியதாக்கிவிட முடியாது என்ற கொள்கையை வலியுறுத்தி, மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் கோவா அரசு சட்டத்தைத் திருத்தி அக்கட்டடத்தைக் காக்க முனைந்தது வேறு கதை. அந்தத் தீர்ப்பின் கொள்கையோ நாடெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு கிராமத்தார் நடந்த ஒற்றையடிப் பாதையின் பொருட்டு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பேச நேர்ந்ததே, அது சிறிய காரியமா?

சகோதரிக்கும் அவர் மகனுக்கும்

இனி நடைமுறைக்கு வருவோம். மகன் இடத்தைப் பிடிக்குமுன் சில கேள்விகளைக் கேட்கட்டும். விடுதி தன் சொந்த நிலத்தில் இருக்கிறதா, அன்றி மணலையே வளைத்திருக்கிறதா? அதன் முன்னுள்ள கரையில் உள்ளூர்க் குடும்பங்களும் நடந்து போக முடிகிறதா? முடியும் என்றால், நீங்கள் கொடுப்பது நிழலுக்கும் உணவுக்கும் உபசரிப்புக்குமான கூலி, அதில் குற்றமில்லை. முடியாது என்றால், வேறிடம் பார்ப்பது நலம். அதே கடலில் பொதுக் கரையும் உண்டு. வாடகைக் குடையும் உண்டு.

கட்டணத்தில் எவை அடங்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சில இடங்களில் நுழைவுக் கட்டணம் குறைவாகவும், இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனை பெரிதாகவும் இருக்கும். உரத்த இசையும் மதுவும் நிறைந்த இடங்களும் இதே பெயரில் இயங்குவதால், அமைதியான இடமா என்பதையும் விசாரிப்பது அவசியம்.

கடிகாரத்தில் கவனம் வையுங்கள். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பலின் நேரம் எதுவோ அதையே கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, படகேற வேண்டிய கடைசி நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள். கடவுச்சீட்டு, விசா பற்றிய விதிகளைப் பயண நாளுக்கு அண்மையில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரையில் அலைகள் சீறும்; சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவு நீரிலும் இறங்காதீர்கள். ஏரியில் நீந்தியவர் கடலிலும் நீந்தலாம் என்று எண்ணுவது உயிரோடு விளையாடுவதாகும். உள்ளிழுக்கும் நீரோட்டம் எவர் பலத்தையும் மதிப்பதில்லை.

பரிமாறுகிற பெண்ணும் துண்டு மடிக்கிற பையனும் உங்கள் மகனைப் போலவே வீட்டைவிட்டு வந்து உழைப்பவர்களாக இருக்கலாம். பெயரைக் கேளுங்கள்; மொழி புரியாவிட்டாலும் ஒரு புன்னகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன மண்ணிலிருந்து போகிறவர்கள் நீங்கள்.

கப்பலேற வசதியில்லாத குடும்பங்களும் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கும் துறைமுக நாள் உண்டு. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் மரக்காணத்திலோ புதுச்சேரியிலோ கடலைக் காணலாம். புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரையும், சென்னையை அடுத்த கோவளமும் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றிதழை 2021-இல் பெற்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அத்தகைய கரைகள் ஏற்றவை. உலர்த்திய வலைமேல் மிதிக்காதீர்கள். படகில் பிள்ளைகளை ஏற்றுமுன் உடையவரிடம் ஒரு சொல் கேளுங்கள். மதிய உணவின் இலையையும் பிளாஸ்டிக் உறையையும் வேனிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது கூடைக்காரப் பெண்ணிடம் பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள். அந்தக் கரை உங்களை உட்கார அனுமதித்ததற்கு அதுவே நியாயமான கட்டணம்.

மாற்கு நற்செய்தியின் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு பிற்பகுதி உண்டு. இளைப்பாறத் தேடிப் போன தனிமையான கரையில், கால்நடையாய் ஓடி வந்த மக்கள் முன்னதாகவே கூடியிருந்தார்கள். ஓய்வு கெட்டது. மாலையானதும் சீடர்கள், இவர்களை அனுப்பிவிடும் என்றார்கள். ஆண்டவர் அனுப்பவில்லை, அமரச் செய்து உணவளித்தார். ஓய்வைத் தேடுவதும் சரி. ஓய்வைத் தேடிப் போன இடத்தில் பிறரைக் கண்டால் அவர்களை விரட்டாமல் இருப்பதும் சரி. சகோதரியின் இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஒரே பக்கத்தில் விடை இருக்கிறது.

காசில்லாத அமைதி நம் ஊரிலும் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுவோம். சீயமங்கலத்தில் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எழுப்பிய கோவிலையும், அந்தக் குன்றையும், அருகிலுள்ள நீர்நிலையையும் காண வெளியூரிலிருந்து ஆள்கள் வருகிறார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின் இந்த வட்டாரத்திற்கு வருகிறவர்கள் கூடுவார்கள். நாளை நம் ஏரிக்கரையில் எவரேனும் வேலி போட வந்தால், கடலோரச் சகோதரர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்க நேரும். அப்போது அவர்கள் நம் பக்கம் நிற்க வேண்டுமானால், இப்போது நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

சகோதரியே, உங்கள் வெள்ளி விழாவுக்கு நம் வாசகர் அனைவரின் வாழ்த்துகள். பயணம் முடிந்து வந்தபின் கடல் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அந்த ஒரு பகலில் நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள் என்பதை எழுத வேண்டாம். அது உங்களுக்கே உரியது.